தாளவாத்தியக் குழு இசையமைப்பாளரோடு இணைந்து செய்வது எதை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமகாலத் தாளவாத்தியக் குழுக்கள் தம்மைப் பற்றிய அறிமுகத்தில் ‘வாழும் இசையமைப்பாளர்களுடன் இணைந்து பணியாற்றுகிறோம்’ என்று தவறாமல் எழுதிக்கொள்கின்றன. எழுதுபவர் எழுதித் தருகிறார், வாசிப்பவர்கள் வாசிக்கிறார்கள் என்றால் இதில் இணைவதற்கு என்ன இருக்கிறது, இது வெறும் விளம்பரப் பேச்சுதானே என்பது கேட்கப்பட்டது. இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வாசிப்பவர்களின் கை உண்மையிலேயே அதில் இருக்குமானால், அந்தப் படைப்பு யாருடையது? இத்தகைய குழுக்களில் பல ஆண்டுகள் வாசித்தவன், புதுப் படைப்புகளின் ஒத்திகைகளில் மணிக்கணக்காக நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மேற்கத்திய இசைக்குறிப்பு மரபில் இயங்கும் குழுக்களே எனக்கு நேரடிப் பழக்கம் என்பதால், பதிலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கும்.

முதல் காரணம் வரலாறு சார்ந்தது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. வயலின், செல்லோ கொண்ட நால்வர் குழுவுக்கு 18ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதிக் குவிக்கப்பட்ட இசை இருக்கிறது. தாளக் கருவிகளை மட்டும் வைத்து மேடை ஏறும் குழுவுக்கு அப்படிப்பட்ட முன்னோர் சொத்து எதுவும் கிடையாது. கியூபாவின் அமதேயோ ரோல்தான் 1930-இல் தம் ‘ரித்மிகாஸ்’ வரிசையின் கடைசி இரண்டு பகுதிகளைத் தாளக் கருவிகளுக்கென்றே எழுதினார். எட்கார் வாரேஸின் ‘அயனைசேஷன்’, பதின்மூன்று கலைஞர்களுடனும் இரண்டு சைரன்களுடனும் 1933-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. 1930களின் இறுதியில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் சியாட்டிலில் ஒரு குழுவைத் திரட்டினார். அதில் தேர்ந்த தாளக் கலைஞர்களைவிட நண்பர்களும் நடனக்காரர்களுமே அதிகம், பின்னாளில் நடன உலகில் பெரும் பெயர் பெற்ற மெர்ஸ் கன்னிங்ஹாமும் அதில் வாசித்திருக்கிறார். ஆக, முழு மரபுக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. இந்த நிலையில் மேடைக்கு ஏதாவது வேண்டுமென்றால், உயிரோடு இருப்பவரிடம் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1962-இல் ஆறு பேரோடு தொடங்கிய ஸ்ட்ராஸ்பர்க் குழு அதைத்தான் செய்தது; அதற்குப் பின் டொரோன்டோவின் நெக்ஸஸ், புடாபெஸ்டின் அமதிந்தா, அமெரிக்காவின் ஸோ பெர்கஷன், தேர்ட் கோஸ்ட் பெர்கஷன் எல்லாம் அதே பாதையில் நடந்தன.

ஆனால் இது பாதி விடைதான். பழைய இசை இல்லாததால் புதியது கேட்கிறார்கள் என்பது, புதியது எழுதப்படும்போது ஏன் கூடவே உட்கார வேண்டும் என்பதை விளக்காது. அதற்கான காரணம் கருவியில் இருக்கிறது. வயலினுக்கு எழுதுபவருக்கு வயலின் என்றால் என்ன என்று தெரியும்: நான்கு தந்திகள், தெரிந்த சுருதி, தெரிந்த எல்லை. தாளவாத்தியம் என்று பொதுவாகச் சொன்னால் அது ஒரு கருவியின் பெயரே அல்ல. அடித்தோ, தேய்த்தோ, உரசியோ, வில்லால் இழுத்தோ ஒலி எழுப்பக்கூடிய எதுவும் அதில் அடங்கும். இசையமைப்பாளர் ஸெனாகிஸ் 1975-இல் தனிக் கலைஞருக்காக எழுதிய ‘ஸாஃபா’வில் எந்தக் கருவி என்றே குறிப்பிடவில்லை, தோல், மரம், உலோகம் என்ற வகைகளையும் அவற்றுள் மேல், நடு, கீழ் என்ற படிகளையும் மட்டுமே சொல்லிவிட்டு, மீதியை வாசிப்பவரிடம் விட்டார். பிரையன் ஃபர்னிஹோ ‘போன் ஆல்ஃபபெட்’டில் ஏழு ஒலிக்கருவிகள் வேண்டும் என்கிறார்; அவை எவை என்பதை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். தாளில் இருப்பது முழுமையானதுதான், ஆனால் அதன் ஒலி இன்னும் பிறக்கவில்லை. அந்த ஒலியைத் தேடுவது யார் வேலை என்ற இடத்தில்தான் இணைந்து செய்வது தொடங்குகிறது.

ஒத்திகை அறையில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இளம் இசையமைப்பாளர் ஒருவர் மூன்று உலோக ஒலிகளை மேல், நடு, கீழ் என்று குறித்து, வேகமான பதினாறாம் பங்கு ஸ்வரங்களில் (ஒரு தட்டுக்கு நான்கு) ஒரு நீண்ட பகுதி எழுதி வந்திருந்தார். கணினியில் அவர் கேட்டிருந்த மாதிரி ஒலி மிகத் துல்லியமாக இருந்தது. நாங்கள் வாசித்தபோது ஒன்றும் புரியவில்லை. காரணம், கீழ் ஒலிக்கு நாங்கள் எடுத்த தொங்கு தகடு ஒருமுறை அடித்தால் பல நொடிகள் கார்வை கொடுத்தது, அந்தக் கார்வைக்குள் மற்ற இரண்டும் மூழ்கிப் போயின. தகட்டின் மேல் துணி போட்டோம். தாளம் தெளிந்தது, ஒலி செத்துவிட்டது. அடுத்து வாகனத்தின் பழைய பிரேக் டிரம்மை எடுத்தோம். அது குறுகிய, கூர்மையான ஒலி தந்தது, ஆனால் ‘நடு’ என்று வைத்திருந்த உலோகத்தைவிட மேலே போய் நின்றது. ஆகவே மூன்றின் வரிசையையும் மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் அவரே பிரேக் டிரம்மை அந்தப் பகுதிக்கு வைத்துக்கொண்டு, தகட்டை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய், அதன் கார்வை அடங்கும்வரை மற்றவர்கள் காத்திருக்கும்படி புதிதாக எழுதினார். அன்று மாறியது கருவி மட்டுமல்ல, படைப்பின் வடிவமே மாறியது. இதைச் செய்தவர் அவர். ஆனால் அந்த அறையில் அந்தத் தகடு இல்லாமல் இருந்திருந்தால் அவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

பொதுவெளியில் பதிவாகியுள்ள சான்றும் உண்டு. மைக்கேல் கார்டனின் ‘டிம்பர்’ 2009-இல் எழுதப்பட்டது; ஆறு பேர், ஆளுக்கொரு மரக்கட்டை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், வேறு எதுவும் கிடையாது. முன்னோட்டப் பட்டறையின்போது நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழுக் கலைஞர் சிமாந்த்ரா எனப்படும் மரக்கட்டைகளை எடுத்து வந்து காட்டியதால்தான் அந்தத் தேர்வு அமைந்தது. அந்தக் கட்டைகள் அந்தக் குழுவிடம் ஏன் இருந்தன என்பது இன்னும் சுவையானது: ஸெனாகிஸ் 1969-இல் ‘பெர்செஃபாஸா’வில் சிமாந்த்ராவைக் கேட்டிருந்தார், அதை வாசிக்க விரும்பும் எந்தக் குழுவும் அவற்றைச் செய்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதியதற்காகச் சேமித்து வைத்த கட்டை, இன்னொருவரின் படைப்புக்கு வித்தாகிறது. இந்தக் குழுக்களின் கருவி அறைகள் இப்படித்தான் இசையை உருவாக்குகின்றன. எந்த வரலாற்று நூலும் இதற்கு உரிய இடம் தரவில்லை என்பது என் மனக்குறை.

குழுவின் அமைப்பே படைப்பின் அமைப்பைத் தீர்மானிப்பதும் உண்டு. ஸெனாகிஸின் ‘பெர்செஃபாஸா’, ‘பிளேயாட்’, ஜெரார் கிரிஸே விண்மீன் துடிப்பலைகளைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு எழுதிய ‘ல நுவார் த லெத்வால்’ எல்லாமே ஆறு பேருக்கானவை. ஆறு என்ற எண்ணில் இசை சார்ந்த மந்திரம் ஏதும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். லிகெட்டி 2000-இல் பாடகி ஒருவருக்கும் நான்கு தாளக் கலைஞர்களுக்கும் ‘சிப்பல், தொப்பல், நாதிஹெகெதூவெல்’ எழுதியதற்கு, அமதிந்தா நால்வர் குழு என்பது காரணம். பிற்காலக் குழுக்கள் பெரும்பாலும் நால்வராகவே இருப்பதற்குப் பயணச் செலவும் கருவி ஏற்றிச்செல்லும் வண்டியின் அளவும் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

இசையமைப்பாளர்கள் முன்கூட்டி எண்ணிப் பார்க்கத் தவறும் உடல் சார்ந்த விஷயங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒத்திகை நேரத்தில் பெரும்பங்கை இவைதான் விழுங்குகின்றன. ஐந்து ஸ்தாயி அகலமுள்ள மரிம்பா என்ற மரப்பட்டைக் கருவியின் கீழ்ப் பட்டைகளை மென்மையான நூல் சுற்றிய கோலால்தான் வாசிக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் கோலால் அடித்தால் ஒலி கெடுவதோடு பட்டையே பழுதாகும். அதே கலைஞர் அடுத்த அரை நொடியில் பக்கத்து மேசையில் இருக்கும் சிறு மணியை அடிக்க வேண்டுமென்றால், நூல் கோல் அங்கே உதவாது. கோல் மாற்ற நேரம் இல்லை. இதற்குத் தீர்வு மூன்று வகையில் வரும்: நான்கு கோல்களில் இரண்டை ஒரு வகையாகவும் இரண்டை வேறு வகையாகவும் பிடிப்பது, அந்த மணியை வேறு கலைஞருக்கு மாற்றுவது, அல்லது இசையமைப்பாளர் ஒரு மௌனத்தை நுழைப்பது. முதல் இரண்டையும் நாங்களே முடிவு செய்துகொள்ளலாம். மூன்றாவதை அவர்தான் செய்ய வேண்டும், நல்ல இசையமைப்பாளர்கள் பலர் மூன்றாவதையே தேர்ந்தெடுப்பதைக் கண்டிருக்கிறேன். வைப்ரஃபோன் என்ற உலோகப்பட்டைக் கருவியின் பட்டையை வில்லால் இழுக்கச் சொல்பவர்கள், வில்லை எடுக்கவும் வைக்கவும் ஒரு கை வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். மேடையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று வரைந்து தரும் படம், இசைக்குறிப்புக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அந்தப் படத்தில் இரண்டு அடி பிசகினால் வேகமான பகுதி ஒன்றை வாசிக்கவே முடியாமல் போகலாம்.

தூரத்தின் சிக்கல் இதைவிடக் கடினமானது. ‘பெர்செஃபாஸா’வில் ஆறு பேரும் பார்வையாளர்களைச் சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே இருபது மீட்டர் தள்ளி எதிரே நிற்பவர் அடித்தது என் காதுக்கு வர நொடியில் நூற்றில் ஆறு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் பதினாறாம் பங்கு ஸ்வரம் ஒன்றின் நீளம் நூற்றில் பன்னிரண்டரை பங்கு. அதாவது நான் காதை நம்பி அவரோடு சேர்ந்து அடித்தால், பாதி ஸ்வரம் தாமதமாக அடிக்கிறேன். நடுவில் இருக்கும் ரசிகருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஆகவே கண்ணால் பார்த்து வாசிப்பது, அல்லது காதுக்குள் ஒலிக்கும் தாளத்தட்டைப் பின்பற்றுவது என்று குழு முடிவெடுக்க வேண்டும்; ஸெனாகிஸின் படைப்பில் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகங்கள் ஓடும் இடங்கள் இருப்பதால் பல குழுக்கள் இன்று இரண்டாவது வழியை நாடுகின்றன. இப்படி இடத்தை வைத்து விளையாட விரும்பும் இசையமைப்பாளர் இன்று ஒருவர் வந்தால், எழுதும் முன்பே அவரை வெற்று அரங்கில் நடுவில் உட்காரவைத்து, நாங்கள் சுற்றி நின்று வாசித்துக் காட்டுவது நல்லது. தாளில் எழுதிய பின் சொன்னால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

இதுவரை சொன்னது, இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தவர்களோடு செய்யும் வேலை. அண்மைக் காலத்தில் அப்படி எழுதாதவர்களோடும் குழுக்கள் பணியாற்றுகின்றன; முதலில் எழுப்பிய ‘யாருடையது’ என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. மின்னணு இசைக் கலைஞர் ஜெய்லின், தேர்ட் கோஸ்ட் குழுவின் கருவி ஒலிகளைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு, தம் வழக்கப்படி கணினியில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்ற ஏழு பகுதிப் படைப்பை உருவாக்கினார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, எந்த ஒலியை எந்தக் கருவியால், யார், எந்தக் கையால் வாசிப்பது என்று பிரித்து மேடைக்குரிய வடிவம் தந்தவர்கள் நான்கு கலைஞர்களும்தான். 2023 புலிட்சர் இசைப் பரிசின் இறுதிச் சுற்றுப் பட்டியலில் அந்தப் படைப்பு இடம்பெற்றது, இசையமைப்பாளர் என்ற இடத்தில் ஜெய்லின் பெயரோடு. அது சரியென்றே நினைக்கிறேன். தாளமும் அமைப்பும் உருவானது அவர் மனத்தில். எனினும் அந்தப் படைப்பை வேறொரு குழு வாசிக்கும்போது, அவர்கள் கையில் இருப்பது அந்த நால்வர் கண்டுபிடித்த தீர்வுகளும் சேர்ந்த ஒன்று. தபேலா மேதை ஜாகிர் உசேன், 2024 டிசம்பரில் மறைவதற்கு முன், இதே குழுவுக்காக ‘மர்மர்ஸ் இன் டைம்’ என்ற படைப்பை அளித்தார். வாயால் சொல்லிக் கற்கும் மரபிலிருந்து வந்தவரும் தாளைப் பார்த்து வாசிக்கும் மரபில் வந்தவர்களும் சந்திக்கும் இடம் அது. தாளச் சொற்கட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் கவனிக்க நிறைய உண்டு.

இசையமைப்பாளர் கரோலின் ஷாவும் ஸோ பெர்கஷனும் 2021-இல் வெளியிட்ட ‘லெட் த ஸாயில் ப்ளே இட்ஸ் சிம்பிள் பார்ட்’ இதற்கு மறுமுனை. அதன் பெரும்பாலான பாடல்களை ஐந்து பேரும் சேர்ந்தே அமைத்தார்கள், இசையமைப்பாளர் என்ற பெயரும் அப்படியே பகிரப்பட்டது. இரண்டு முறையும் நேர்மையானவை. நேர்மையற்றது மூன்றாவது வகை: பாதி எழுதிய தாளைக் கொடுத்து, ‘இங்கே உங்கள் விருப்பப்படி ஏதாவது செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டு, பிறகு முழு உரிமையும் கோருவது. கலைஞருக்கு விடப்படும் சுதந்திரத்துக்கும் முடிக்கப்படாத வேலைக்கும் வேறுபாடு உண்டு; ‘ஸாஃபா’வில் ஸெனாகிஸ் கருவியை விட்டுவைத்தார், ஆனால் ஒவ்வொரு தட்டும் எங்கே விழ வேண்டும் என்பதை அணுவளவும் விட்டுவைக்கவில்லை.

வாசிப்பவர்களின் பயிற்சி ஒரு படைப்புக்குள் எவ்வளவு கலக்கிறது என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் ஊகிக்க மட்டுமே முடிந்ததும் பிணைந்து கிடக்கின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1970-இல் கானாவில் தாளம் பயின்றார், அடுத்த ஆண்டு ‘டிரம்மிங்’கை முடித்தார், ஒத்திகைகளில் வாசித்துக் காட்டிக் கற்றுக்கொடுத்தே அதை உருவாக்கினார். இவை உறுதி. கானா தமக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத்தந்ததைவிட, ஏற்கெனவே தாம் கொண்டிருந்த எண்ணங்களை உறுதிப்படுத்தியது என்பதே ரைக் சொல்வது. அவர் குழுவில் வாசித்த ரஸ்ஸல் ஹார்ட்டன்பெர்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராமநாதபுரம் ராகவனிடம் மிருதங்கம் பயின்றவர். நெக்ஸஸ் குழுவைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். இதுவும் உறுதி. ஆனால் அந்த மிருதங்கப் பயிற்சிதான் ரைக்கின் இசையில் இன்ன இடத்தில் ஒலிக்கிறது என்று எவராவது சுட்டிக்காட்டினால் நான் ஏற்கத் தயங்குவேன். நீண்ட தாளச் சுழற்சியில் வழி தவறாமல் நிற்கும் பொறுமையை அது தந்திருக்கலாம். அந்தப் பொறுமை இல்லாதவர்களால் ‘டிரம்மிங்’ வாசிக்க முடியாது. அதற்கு மேல் சொல்வது ஊகம்.

விளம்பரப் பேச்சு என்ற ஐயத்துக்கும் நேராகவே வருகிறேன். பல இடங்களில் அது விளம்பரம்தான். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன் தாள் வந்து, இசையமைப்பாளர் கடைசி ஒத்திகைக்கு மட்டும் வந்து தலையசைத்து, முதல் அரங்கேற்றத்தோடு பெட்டிக்குள் போய்விடும் படைப்புகள் ஏராளம். நிதி அளிப்பவர்கள் ‘உலகில் முதல் முறை’ என்பதற்குத் தரும் மதிப்பை இரண்டாம் முறைக்குத் தருவதில்லை என்பதால், இந்தப் போக்குக்கு எல்லோருமே உடந்தை. ஒரே படைப்புக்காகப் பல குழுக்கள் சேர்ந்து, இசையமைப்பாளருக்குத் தரும் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வது இதற்கு ஒரு மாற்று; ரைக்கின் ‘மாலெட் குவார்ட்டெட்’ 2009-இல் அமதிந்தா, நெக்ஸஸ், சிட்னியின் சினர்ஜி, ஸோ ஆகிய குழுக்கள் இணைந்து எழுதக் கேட்டது. பிறந்த உடனேயே நான்கு குழுக்களின் வாசிப்புகள் அதற்கு உறுதியாயின. இரண்டு வைப்ரஃபோன், இரண்டு மரிம்பா என்ற எளிய கருவித் தேவையும் சேர்ந்ததால், இன்று அது மாணவர் மேடைகளில்கூடப் பரவலாக ஒலிக்கிறது.

ஆகவே ஒரு குழுவின் கூற்று உண்மையா என்று பார்க்க வேண்டுமானால், அந்தப் படைப்பை வேறு குழு வாசித்திருக்கிறதா என்று பாருங்கள். வாசித்திருந்தால், கருவிகளை அவர்கள் எப்படிப் பெற்றார்கள் என்றும் பாருங்கள். ‘பிளேயாட்’டுக்காக ஸெனாகிஸ் கேட்ட சிக்ஸென் என்ற கருவியில் பத்தொன்பது உலோகப் பட்டைகள், சுருதி இடைவெளிகள் சமமற்றவை, ஆறு கருவிகளும் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகவும் கூடாது. கடையில் கிடைக்காது. வாசிக்க விரும்பும் குழு புதிதாகச் செய்தாக வேண்டும், அல்லது வைத்திருப்பவரிடம் இரவல் வாங்க வேண்டும். டேவிட் லாங் 2002-இல் ஸோ பெர்கஷனுக்காக எழுதிய ‘த ஸோ-கால்டு லாஸ் ஆஃப் நேச்சர்’ இறுதிப் பகுதிக்குப் பூந்தொட்டியும் தேநீர்க் கோப்பையும் கேட்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு மண்தொட்டிகள் ஒரே சுருதியில் ஒலிப்பது அரிது, பயணத்தில் ஒன்று உடைந்தால் மறுபடி தொட்டி தட்டித் தட்டித் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கும். முதலில் வாசித்த குழு இந்தத் தேடலை எழுதிவைத்திருந்தால் அடுத்த குழுவுக்கு மாதங்கள் மிச்சமாகும், எழுதிவைக்காவிட்டால் தாள் மட்டும் போய்ச் சேரும்.

கேஜின் 1941ஆம் ஆண்டு ‘தேர்டு கன்ஸ்ட்ரக்‌ஷன்’ நான்கு பேருக்கும் ஆளுக்கு ஐந்து டின் டப்பாக்கள் கேட்கிறது, சிறிதிலிருந்து பெரிதாக. அவரைச் சந்தித்தே இராத கலைஞர்கள் இன்று உலகெங்கும் அதை வாசிக்கிறார்கள். எந்த டப்பா என்று அவர் சொல்லவில்லை என்பதால் ஒவ்வொரு குழுவும் தன் டப்பாக்களைத் தானே தேடிக்கொள்கிறது. மெல்லிய அலுமினியம் சரிவராது, எஃகுத் தகட்டில் செய்த பெரிய டப்பாவை அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துவைத்து, கீழே துணி போட்டு அதிர்வைக் கட்டுப்படுத்தினால் நன்றாக வரும். நாள்பட அடிவாங்கிக் குழிந்த டப்பாவின் சுருதி இறங்கும், வரிசை குலையும், அப்போது மாற்ற வேண்டும்.